கேடட்ஸ் கலைந்த கதை

பாண்டு வாத்தியக் குழு என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, குடியரசு தினத்தன்று டில்லியில் விறைப்பாக நடந்துபோகும் பள்ளிப் பிள்ளைகள். இன்னொன்று, கல்யாண ஊர்வலத்தில் கசங்கிய சரிகைக் கோட்டும் வியர்வையுமாக சினிமாப் பாட்டு ஊதிக்கொண்டு போகிறவர்கள். இதில் முதல் வகையை எடுத்து, அதைக் கடும் போட்டியாக்கி, கோடை விடுமுறை முழுவதையும் அதற்கே பலி கொடுத்தால் கிடைப்பதுதான் அமெரிக்காவின் ‘டிரம் அண்ட் பியூகிள் கோர்’. அங்கே மிகப் பழையதும் மிகப் புகழ்பெற்றதுமான குழுக்களில் ஒன்று 2024 ஜனவரியில் மூடப்பட்டது. பெயர் கேடட்ஸ். அது பிறந்து தொண்ணூறாவது ஆண்டு அது.

சேர ஆளில்லாமல் மூடவில்லை. கோப்பை கிடைக்கவில்லையே என்றும் மூடவில்லை. 1980களில் குழுவுக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் கொடுமை தொடர்பாக ஒரு வழக்கு வந்தது. அதைத் தாங்கும் பண பலம் நிர்வாகத்திடம் இல்லை. பழைய கணக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து வாசலுக்கு வந்தது.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கார்ஃபீல்டு என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டும். நெசவாலைகளும், ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்களும் நிறைந்த ஊர். 1926இல் அமெரிக்காவே கவனித்த நெசவாலை வேலைநிறுத்தம் ஒன்று அந்த வட்டாரத்தில் நடந்தது. அதன்பின் பொருளாதாரப் பெருவீழ்ச்சி. வேலையற்ற தந்தைகள், தெருவில் திரியும் பையன்கள். 1934இல் அங்கிருந்த கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் ஆதரவில் பையன்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார்கள். கோயிலின் பெயரே குழுவுக்கும்: ‘ஹோலி நேம் கேடட்ஸ்’. அதாவது திருநாமக் கேடட்டுகள்.

கையில் ஏன் டிரம்மும் பியூகிளும்? முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களை அமைத்தார்கள். ராணுவத்தில் மிஞ்சிப்போன டிரம்களும் பியூகிள்களும் மலிவாகக் கிடைத்தன. பியூகிள் எளிய குழல். நம் என்.சி.சி. முகாமில் விடியற்காலை தூக்கத்தைக் கெடுக்குமே, அதேதான். விரலால் அழுத்த வால்வு கிடையாது. உதட்டையும் மூச்சையும் வைத்து நாலைந்து ஸ்வரங்களைத்தான் எழுப்ப முடியும். பணமில்லாத கோயிலுக்கும் சங்கத்துக்கும் இது கட்டுப்படியாகும் வாத்தியம். நாளடைவில் ஒரு வால்வு சேர்ந்தது, பிறகு இரண்டு, 1990இல் மூன்று. 2000ஆம் ஆண்டு முதல் எந்தச் சுருதியிலும் உள்ள பித்தளை வாத்தியங்களைக் கொண்டுவரலாம் என்று விதி மாறியது. இன்று பெயரில் மட்டும்தான் பியூகிள் இருக்கிறது.

போட்டி விதிகளிலும் ராணுவ வாடை. மைதானத்தின் ஒரு ஓரத்தில் புறப்பட்டு மறு ஓரத்தில் முடிக்க வேண்டும். இடையில் தேசியக் கொடிக்கு மரியாதை. நடுவர்கள் பூட்ஸ் பளபளப்பைக்கூடப் பரிசோதிப்பார்கள். ஆட்டம் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, காலோ ஸ்வரமோ தவறும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார்கள். ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் கழியும். முழு மதிப்பெண்ணோடு உள்ளே போகும் குழு எவ்வளவு இழக்காமல் வெளியே வருகிறது என்பதே போட்டி. பரீட்சைக்கு நடுங்கிய நம் தலைமுறைக்கு இது நன்றாகவே புரியும்.

1950களின் இறுதியில் கோயிலுக்கும் குழுவுக்கும் ஒத்துவராமல் போனது. குழு பிரிந்து ஊர்ப் பெயரை ஏற்றது: கார்ஃபீல்டு கேடட்ஸ். ஆனால் திருநாமத்தின் மீதான விசுவாசத்தை விடவில்லை. கோயிலைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூட, குழு மூடும்வரை, அந்தப் பெயரில் உறுதி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறிவு முன்னாள் வீரர்களோடு. 1971இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, கேடட்ஸ் ‘நோ மோர் வார்’, இனிப் போர் வேண்டாம் என்ற நிகழ்ச்சியைப் போட்டிக்குக் கொண்டுவந்தது. கடைசியில் பிள்ளைகள் மைதானத்தில் அமைதிச் சின்னமாக அணிவகுத்து நின்றார்கள். போட்டியை நடத்துகிறவர்களும் பரிசு தருகிறவர்களும் போர் முனையிலிருந்து வந்தவர்கள். நிற்கிற பிள்ளைகளில் மூத்தவர்களுக்கோ, கட்டாயமாகப் படைக்கு அழைக்கப்படும் வயது. நடுவர் பென்சிலுக்குப் பயந்து நடக்கப் பழக்கப்பட்டவர்கள் அப்படி நின்றதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே ஆண்டு கிழக்கே கேடட்ஸ் உட்படச் சில குழுக்களும், மத்திய மேற்கு, மேற்குப் பகுதிகளைச் சேர்ந்த வேறு சிலவும் தனித்தனிக் கூட்டணி அமைத்தன. விதிகளும் பணமும் எங்கள் கையில் இருக்கட்டும் என்பது கோரிக்கை. அதிலிருந்து பிறந்ததுதான் டி.சி.ஐ. என்கிற ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’. அதன் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது.

கேடட்ஸுக்கு முதல் டி.சி.ஐ. பட்டம் கிடைக்க 1983 வரை ஆனது. மயாமியில் நடந்தது அந்தப் போட்டி. கிழக்குக் கடற்கரைக் குழு ஒன்று வென்றது அதுவே முதல் முறை. வெற்றியின் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் ஸிங்காலி. யார் எந்த எண்ணிக்கையில் எங்கே நிற்க வேண்டும் என்று வரைபடம் போடும் வடிவமைப்பாளர். அதுவரை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இடது பக்கம் என்ன நடக்குமோ அதுவே கண்ணாடியில் தெரிவதுபோல வலது பக்கமும் நடக்கும். வாசல் கோலம் மாதிரி. ஸிங்காலி கோலத்தைக் கலைத்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வளைந்து, நெளிந்து, ஒரு வடிவம் முடிவதற்குள் இன்னொன்றுக்குள் கரைந்து ஓடினார்கள், ஊதிக்கொண்டே. ஓடுகிற வேகத்தில் ஒருவர் நாலு அங்குலம் தப்பினால் பின்னால் வருபவரின் வாத்தியம் முதுகில் இடிக்கும். 1984இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசையோடு மறுபடி முதலிடம், 1985இல் மறுபடி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டி.சி.ஐ. பட்டம் வென்ற முதல் குழு இதுதான். கோடு கிழித்து மதிப்பெண் கழிக்கும் முறையும் 1983 பருவத்தோடு ஒழிந்தது. ஸிங்காலி 1990களின் தொடக்கத்தில் இறந்துபோனார். குழுவின் கணக்கில் 2011க்குள் பத்துப் பட்டங்கள் சேர்ந்தன. 2005இல் வாங்கிய மதிப்பெண் 100க்கு 99.15.

பட்டங்களைப் பட்டியல் போடுவது எளிது. அதன் விலையைப் பார்ப்போம். கோடை முழுதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் பயணம். இரவில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் தூக்கம். பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. இதற்குச் சம்பளம் கிடையாது. ஆயிரக்கணக்கான டாலர்களைப் பிள்ளைகள்தான் கட்ட வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் பல வாரங்கள் வெளியே. எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, யார் இருப்பது, யார் போவது எல்லாம் பெரியவர்கள் சொன்னபடி. கேள்வி கேட்காமல் கேட்டு நடந்தால்தான் ஸிங்காலி போட்ட படம் மைதானத்தில் உயிர் பெறும். நானும் அந்தப் பழைய பதிவுகளைப் பார்த்து வாய் பிளந்தவன்தான். அந்தக் கீழ்ப்படிதல் மைதானத்துக்கு வெளியே எங்கெல்லாம் பயன்படும் என்று அப்போது தோன்றவில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. 22 வயதைத் தாண்டியவர் ஆட முடியாது. ஒரு பிள்ளை மூன்று கோடை, மிஞ்சினால் ஐந்து கோடை இருக்கும், பிறகு போய்விடும். ஆண்டுதோறும் புது முகங்கள். மாறாமல் இருப்பவர்கள் நிர்வாகிகளும் பயிற்சியாளர்களும்தான். 1983 வெற்றிக் காலத்தில் பொறுப்பேற்ற இயக்குநர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பதவியில் இருந்தார். ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்து, அதை வெளியே சொல்லும் தைரியம் வருவதற்குள் அவளுக்கு வயது கடந்திருக்கும். அடுத்த அணிக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு முன்னால் இன்னொருத்திக்கு நடந்ததா என்பது அவளுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அறிந்தவர், எல்லாப் பருவங்களிலும் இருந்த ஒருவர் மட்டுமே.

2018 ஏப்ரலில் ‘ஃபிலடெல்ஃபியா இன்குவைரர்’ நாளேடு, வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த ஒன்பது பெண்கள் அந்த இயக்குநர்மீது சுமத்திய பாலியல் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அவர் மறுத்தார், ஆனால் பதவி விலகினார். செய்தியின் வலு, தனித்தனி ஆண்டுகளில் வந்துபோனவர்களின் பேச்சு முதல் முறையாக ஒரே பக்கத்தில் சேர்ந்ததில் இருந்தது. குழு புதிய நிர்வாகத்தோடு தொடர்ந்தது.

அதற்குள் சட்டமும் நகர்ந்திருந்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வழக்குத் தொடரும் கால வரம்பை அமெரிக்காவின் பல மாநிலங்கள் தளர்த்தின. நியூ ஜெர்ஸியில் 2019இல் வந்த சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு 55 வயது வரை அவகாசம் தருகிறது. பிள்ளைப் பருவத்தில் வாய் திறக்க முடியாதவர்கள் நரைத்த தலையோடு நீதிமன்றம் வர முடிகிறது.

கேடட்ஸ் மூடும் அறிவிப்பு வந்ததும் பழைய உறுப்பினர்கள் பலர் நொறுங்கிப்போனார்கள். அன்று பிறந்தே இராத பிள்ளைகள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வியோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1980களில் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்படுகிறவரும் இதே குழுவின் பிள்ளைதான். மெரூன் சட்டையும் தொப்பியில் இறகுமாக நிற்கும் அந்தப் பழைய புகைப்படங்களில் கோப்பைக்கு உரிய பங்கு அவர்களுக்கும் உண்டு. குழுவின் புகழ்க் கதையைத் தொண்ணூறு ஆண்டுகளாகச் சொன்னவர்கள் அவர்களைக் கேட்டுச் சொல்லவில்லை. பட்டங்களை நினைவு வைத்திருந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

இந்தக் குழுக்களுக்கான தேர்வு முகாம்கள் வழக்கமாக நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். ஜனவரி அறிவிப்பு வந்தபோது மற்ற குழுக்களில் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும் நேரம். 2024 ஆகஸ்டில் இண்டியானாபோலிஸில் நடந்த இறுதிப் போட்டியில் ஒஹாயோ மாநிலத்தின் புளூகோட்ஸ் வென்றது. கேடட்ஸில் ஆடக் காத்திருந்தவர்களில் வேறு குழுவில் இடம் கிடைத்தவர்கள் வேறு நிறச் சீருடையோடு ஓடினார்கள். 22 வயதை எட்டி, இடமும் கிடைக்காதவர்களுக்கு அடுத்த கோடை என்று ஒன்று கிடையாது.