பாட்டரி திடீரென்று சாவதில்லை!

மோட்டார் சைக்கிள் இன்று பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல.

பால்காரருக்கு அதுதான் வண்டி மாடு. கொத்தனாருக்கு அதுதான் பஸ். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அதில்தான். நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான்.

அந்த வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

"நேற்று வரை நன்றாக ஓடியதே! திடீரென்று பாட்டரி செத்துவிட்டது!" என்கிறார் வண்டிக்காரர்.

அவர் சொல்வது சரி அல்ல. பாட்டரி பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. பல வாரம் பட்டினி கிடக்கிறது. பல தடவை எச்சரிக்கை செய்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காதபோதுதான் சாகிறது.

அதனால் போவது பாட்டரியின் விலை மட்டும் அல்ல. ஒரு நாள் கூலி போகிறது. அவசர நேரத்தில் உயிருக்கே ஆபத்து வருகிறது. மாதத்தில் அரை மணி நேரம் கவனித்தால் இந்தத் தொல்லையில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

உண்டியல் போன்றது

பாட்டரி என்பது மின்சார உண்டியல். போட்டதைத்தான் எடுக்கலாம். எடுத்ததைத் திரும்பப் போட வேண்டும்.

வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஈய பாட்டரி. 1859-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிளாண்டே கண்டுபிடித்தது. 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

12 வோல்ட் பாட்டரிக்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையும் சுமார் 2 வோல்ட் கொடுக்கும். அறைக்குள் ஈயத் தகடுகள் இருக்கும். தண்ணீர் கலந்த கந்தகத் திராவகமும் இருக்கும்.

மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளின் மேல் ஒரு வகை உப்புப் படிகிறது. என்ஜின் ஓடும்போது புது மின்சாரம் உள்ளே போகிறது. அப்போது அந்த உப்புக் கரைந்துவிடும்.

பல நாள் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் என்ன ஆகும்? உப்பு இறுகிக் கல் போல் ஆகிவிடும். அதன் பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் முழுதும் கரையாது. பாட்டரி சாவது பெரும்பாலும் இப்படித்தான்!

பட்டினி போடுவது யார்?

வண்டிக்காரர்தான்! தெரியாமல் செய்கிறார்.

முதல் காரணம், குட்டிப் பயணம். செல்ப் பொத்தானை அழுத்தும்போது, முன் விளக்குக்கு வேண்டியதைப்போல் பல மடங்கு மின்சாரம் ஒரே மூச்சில் போகிறது. அதைத் திரும்ப நிரப்ப என்ஜின் சில நிமிடமாவது நன்றாக ஓட வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போய் வந்தால் அது நிரம்பாது. வீட்டுக்கு வீடு நின்று பால் ஊற்றுகிறவர், காலையில் முப்பது தடவை பொத்தானை அழுத்தினால், எடுப்பு அதிகம், போடுவது குறைவு. கிக்கர் உள்ள வண்டியானால் உதைத்துக் கிளப்புவது நல்லது.

இரண்டாவது காரணம், வண்டியைச் சும்மா நிறுத்துவது. உபயோகிக்காவிட்டாலும் பாட்டரியில் உள்ள மின்சாரம் மெல்ல மெல்லக் குறையும். 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வண்டிகள் வாரக்கணக்கில் வாசலில் நின்றன. ஊரடங்கு தளர்ந்து வெளியே எடுத்தபோது, ஓடாத வண்டிகளின் பாட்டரிகள் பல செத்துக் கிடந்தன. ஓடாமல் நிற்பதும் கேடு என்பதை ஊரே அன்று தெரிந்துகொண்டது.

மூன்றாவது காரணம், சாவியை மறப்பது. 5 ஆம்பியர்-மணி பாட்டரி உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 35 வாட் விளக்கு சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். என்ஜின் ஓடாமல் அந்த விளக்கு எரிந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பாட்டரி காலி!

நான்காவது காரணம், ஆடம்பரம். கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், செல்போன் சார்ஜர் எல்லாம் மாட்டுகிறார்கள். வரும்படி அதே வரும்படி. செலவு மட்டும் இரண்டு மடங்கு. குடும்பம் தாங்குமா?

ஐந்தாவது காரணம், வெயில். சூடு ஏற ஏற பாட்டரியின் ஆயுள் குறைகிறது. உள்ளே உள்ள தண்ணீரும் வற்றுகிறது. கத்திரி வெயில் பாட்டரியைக் கெடுக்கிறது. மார்கழிக் குளிர் அதைக் காட்டிக் கொடுக்கிறது! வண்டியை நிழலில் நிறுத்துவது, பாட்டரிக்குச் செய்யும் செலவில்லாத வைத்தியம்.

முன்கூட்டியே சொல்லும்

சாகும் முன் பாட்டரி பேசும். அதன் பேச்சு இதுதான்:

செல்ப் போடும்போது என்ஜின் முக்கி முனகிச் சுற்றும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும். இண்டிகேட்டர் சோம்பலாக மினுக்கும். காலையில் முதல் தடவை கிளம்ப மறுக்கும்; பிறகு கிளம்பும்.

இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி.

பிறகு என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வேகம் கொடுத்தால் 13.5-க்கு மேல் ஏறி, 14.5 அளவில் நிற்க வேண்டும். ஏறவே இல்லையா? குற்றம் வண்டியில், சார்ஜ் ஏற்றும் பகுதி கெட்டிருக்கிறது. 15-ஐத் தாண்டுகிறதா? மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புது பாட்டரி மாட்டினால், அதுவும் சீக்கிரமே சாகும். பணமும் போகும்!

மாதம் அரை மணி

பாட்டரி இரண்டு வகை. ஒன்று, தண்ணீர் ஊற்றும் வகை. மற்றது, மூடி முத்திரை போட்ட வகை.

தண்ணீர் ஊற்றும் வகையில் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். பாட்டரி தண்ணீர் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். திராவகமும் ஊற்றக் கூடாது. வற்றியது தண்ணீர்தான், திராவகம் அல்ல.

முத்திரை போட்ட வகையைத் திறக்கவே கூடாது. அதற்குத் தண்ணீர் தேவை இல்லை.

கம்பி மாட்டும் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பாட்டரியைக் கழற்றி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. கை உறை போட்டுக்கொள்வது நல்லது. ஈரம் போகத் துடைத்துக் கம்பியை முறுக்கிய பிறகு, மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம்.

வண்டி ஓடாவிட்டாலும் வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டி வர வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறும விடுவதில் பயன் இல்லை. கிளப்பச் செலவான மின்சாரம்கூடத் திரும்ப வராமல் போகலாம். மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள், பாட்டரியைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றச் சொல்லலாம்.

கிளம்பாவிட்டால்?

உடனே பாட்டரியைப் பழிக்க வேண்டாம். கைப்பிடியில் உள்ள என்ஜின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? பக்கத்து ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா? பியூஸ் போய்விட்டதா? பாட்டரிக் கம்பி தளர்ந்திருக்கிறதா? இவற்றை முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்த ஒரு திருகாணிக்காகப் புது பாட்டரி வாங்கியவர்கள் உண்டு!

பொத்தானை விடாமல் அழுத்தக் கூடாது. ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அழுத்தலாம்.

கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பலாம். போக்குவரத்து இல்லாத சமதளத் தெரு வேண்டும். சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி தள்ள வேண்டும். வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். என்ஜின் பிடித்ததும் உடனே கிளட்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரை இப்படிக் கிளப்ப முடியாது.

ஒன்று கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு, பெட்ரோலை என்ஜினுக்குள் தெளிக்கவும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு காலியானால், தள்ளினாலும் கிளம்பாமல் போகலாம். சில வண்டிகளில் கிக்கரே கிடையாது. புது வண்டி வாங்குகிறவர்கள் நிறத்தை மட்டும் பார்க்காமல், "கிக்கர் உண்டா?" என்றும் கேட்பது நல்லது.

பாட்டரியைக் கழற்றும்போது முதலில் கறுப்புக் கம்பியை, அதாவது மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. மாற்றிச் செய்து, ஸ்பானர் வண்டிச் சட்டத்தில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

சார்ஜ் ஏற்றுவது நிதானமாக இருக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர். சுமார் பத்து மணி நேரம். அவசரமாக ஏற்றினால் தகடு கெடும். பெரிய வண்டிகளுக்கான சார்ஜரை இதற்கு மாட்டக் கூடாது.

நெருப்பும் திராவகமும்

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. தண்ணீர் அளவைப் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பது தற்கொலைக்குச் சமம். பீடி, சிகரெட்டும் பக்கத்தில் கூடாது. காற்றோட்டமான இடத்தில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். படுக்கை அறையில் அல்ல.

திராவகம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் பார்வை போகலாம்.

செத்த பிறகும் விஷம்!

நன்றாகக் கவனித்தாலும் பாட்டரிக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்த பிறகு ஓய்ந்துபோகும். அப்போது பழையதை என்ன செய்வது?

பல வீடுகளில் அது பரண் மேல் போகிறது. அல்லது தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈயம் விஷம். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டில் நடந்தது ஒரு பாடம். அதன் தலைநகர் டக்காரின் புறநகர் ஒன்றில், ஏழை மக்கள் பழைய வண்டி பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயத் தூள் மண்ணில் கலந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை, சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தன. ஈய விஷமே காரணம் என்று தெரிய வந்தது.

எனவே செத்த பாட்டரியை உடைக்கக் கூடாது. திராவகத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு விலையில் தள்ளுபடியும் கிடைக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக உருக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. நூறு இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று வேறு எங்கும் போடுவது, யாரோ ஒரு குழந்தையின் மூளைக்கு விலை பேசுவதாகும்.

புது பாட்டரி வாங்கும்போது ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்க வேண்டும். கடையில் திராவகம் ஊற்றிக் கொடுக்கும் வகையானால், முதல் சார்ஜ் முழுதாக ஏற்றிய பிறகே மாட்ட வேண்டும். அவசரத்தில் அப்படியே மாட்டினால், பிறந்த அன்றே பட்டினி!

மாட்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பாட்டரியின் மேல் ஒட்டி வைக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். மாதம் ஒரு முறை தண்ணீர் பார்ப்பதும், கம்பியைச் சரி பார்ப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் ஒருவராக இருக்கலாம். அதை நம்பி இருப்பது குடும்பம் முழுவதும்.