இயந்திரம் வரையட்டும், மனிதர் சரிபார்க்கட்டும்

தேக்காவின் வரைபடம் ஒன்றில் கேம்பல் லேன், சிராங்கூன் சாலையுடன் சேராமல் பாதியிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதை நம்பி நடப்பவர் வழி தவறுவார். மூளையின் வரைபடத்திற்கும் இது பொருந்தும்.

மூளையிலுள்ள நரம்பணுக்கள் மரங்களைப் போலக் கிளைவிட்டுப் படர்ந்தவை. எந்தக் கிளை எந்த அணுவைச் சென்றடைகிறது என்பதைப் பொறுத்தே செய்தி செல்லும் வழி அமைகிறது. நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் ரமோன் இ கஹால் நுண்ணோக்கி வழியே பார்த்து, இவ்வடிவங்களைக் கையாலேயே வரைந்தார். 1906இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. மூளையை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கிறார்கள். ஒரு படத்தில் தெரியும் கிளை அடுத்த படத்தில் எங்கே தொடர்கிறது என்பதைச் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்து, அணுவின் முழு வடிவத்தையும் உருவாக்குகிறது. மனித மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. ஆகவே, இயந்திரத்தின் உதவி கட்டாயம் தேவை. ஆனால், அது மட்டுமே போதுமா? போதாது என்பதே என் கருத்து.

இதற்குப் பழ ஈயின் மூளையே சான்று. கசகசா விதை அளவே உள்ள அம்மூளையின் முழு வரைபடம் அக்டோபர் 2024இல் வெளியானது. அதில் 139,255 நரம்பணுக்கள் இடம்பெற்றன. மென்பொருள் சில இடங்களில் இரண்டு அணுக்களை ஒன்றாக ஒட்டியது. சில இடங்களில் ஒரே கிளையைத் துண்டித்தது. ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அப்பிழைகளைத் திருத்தினர். ஒருவரே அத்திருத்தங்களைச் செய்திருந்தால் ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகியிருக்கும்!

"மென்பொருள் மேம்பட்டால் மனிதர் தேவையில்லையே" எனச் சிலர் கேட்கலாம். மென்பொருள் மேம்படுவதே மனிதர் திருத்திய படங்களைப் பார்த்துக் கற்பதால்தான். மேலும், பில்லியன் கணக்கான அணுக்களில் நூற்றில் ஒன்று தவறினாலும் பிழைகள் மலையாகக் குவிந்துவிடும்.

மனித மூளையைப் படமெடுக்கும் பணியும் நடைபெறுகிறது. சென்னை ஐஐடி, கருவிலுள்ள குழந்தையின் மூளையைக் காட்டும் 5,132 சீவல்களின் படங்களைத் 'தரணி' என்ற பெயரில் 2024இல் வெளியிட்டது. நம் நாட்டிலும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் 2019இல் மூளை வங்கி தொடங்கப்பட்டது. மறைவுக்குப் பின் தம் மூளையை ஆய்வுக்குத் தர முன்வருவோரின் கொடை அது. மூத்தோர் பெருகிவரும் நம் நாட்டில், மறதிநோயைப் புரிந்துகொள்ள இத்தகைய ஆய்வுகள் உதவும். பிழையான வரைபடம் அந்தக் கொடையை வீணாக்கிவிடும்.

மாணவர்களே, கணினி தரும் விடையை அப்படியே ஏற்காமல் சரிபார்க்கப் பழகுங்கள். வேகம் இயந்திரத்தின் வலிமை, 'இது சரிதானா?' என்று கேட்பது நம் பொறுப்பு.