ஓட்டை விழுந்த கத்தரிக்காய்

சேலையூர், மேடவாக்கம் பக்கம் மாடித்தோட்டம் போடுற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி: "வேப்பங்கரைசல் அடிச்சும் பூச்சி சாகலையே, ஏன்?"

உடனே சாகாதுங்க. கொட்டையில இருக்கிற அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது. புழு தோலுரிச்சு வளர்றதைக் கெடுக்கும். அதுக்குச் சில நாள் ஆகும். அரை மணியில செத்து விழணும்னு எதிர்பார்த்தா மறுநாள் ரசாயன மருந்துக் கடையிலதான் நிப்பீங்க. வெயில்ல வீரியம் போயிடும்கிறதால சாயங்காலம் தெளிக்கணும்.

காசு குடுத்து பாட்டில் வாங்கவும் வேண்டாம். ஆனி, ஆடியில தாம்பரம் தெருக்கள்ல வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கு. கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில ஏத்திடறோம். சதையைக் கழுவி, நிழல்ல காயவெச்சு, ஓடு நீக்கினா பருப்பு. ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறவெச்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்தா போதும். ஏக்கர் கணக்குல அடிக்கிற எங்களுக்கும் இதே 5 சதவீதம்தான்.

வேப்பெண்ணெயால பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்துற முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் ஐரோப்பாவுல காப்புரிமை வாங்கியிருந்தாங்க. நம்மாளுங்க வழக்காடி 2000-ல அதை ரத்து பண்ண வெச்சாங்க; 2005-ல மேல்முறையீடும் தள்ளுபடி. அவ்வளவு பாடுபட்டது குப்பை வண்டிக்கா?

இன்னொண்ணு. செடியில இருந்து வந்தா ஆபத்தில்லைன்னு நினைக்காதீங்க. புகையிலைக் கஷாயத்துல இருக்கிற நிகோடின் தோல் வழியாவே உடம்புல ஏறும். கீரைக்கெல்லாம் அதை அடிக்கவே கூடாது.

எனக்கு உண்மையான வருத்தம் வேற. கத்தரியில தண்டு, காய்த் துளைப்பான்னு ஒரு புழு. காய்க்குள்ள போயிட்டா எந்தக் கரைசலும் அதைத் தொடாது. வாடின நுனியைக் கிள்ளி எரிக்கணும், இனக்கவர்ச்சிப் பொறி வெக்கணும், விடாம கரைசல் தெளிக்கணும். அப்பவும் பத்துக்கு ரெண்டு காய்ல ஓட்டை இருக்கும். "மருந்தடிக்காத காய்தானே?"ன்னு கேட்டுட்டே அந்த ரெண்டையும் ஒதுக்கிட்டுப் பளபளன்னு இருக்கிறதைப் பொறுக்குறாங்க. இதைப் பார்த்துட்டுத்தான் பக்கத்து வயல்காரர் பறிக்கிறதுக்கு முந்தின நாளும் மருந்தடிக்கிறார். அவரை மட்டும் எப்படிங்க குறை சொல்றது?

ஓட்டை இருக்கிற பக்கத்தை வெட்டிப் போட்டுட்டு மீதியைக் குழம்புல போடுங்க. விலையில வேணா அஞ்சு ரூபா குறைச்சுக்கங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன்.