பழைய சேவையகமும் புதிய சேவையகமும்: ஒரே வலைப்பின்னலில் இணைத்தல் தகுமா?

கணினித்தமிழ் ஆய்வு பெருகிவரும் இக்காலத்தில் பனுவல்களும் சொல்லடைவுகளும் சேவையகங்களிலேயே காக்கப்படுகின்றன. நிதிக்குறைவாலும், பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் இயங்காமையாலும் பழைய சேவையகத்தை நீக்காது, புதியதொன்றை அதனுடன் இணைக்கும் வழக்கம் காணப்படுகிறது. இது சிக்கனமாகத் தோன்றினும், புதியதன் பாதுகாப்பைப் பழையதன் நிலைக்குத் தாழ்த்துகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

விண்டோஸ் சர்வர் 2003 இதற்குத் தக்க சான்று. கோப்புப் பகிர்வில் அது அறிந்தது எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற்பதிப்பு மட்டுமே. விண்டோஸ் சர்வர் 2019இல் அப்பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. இவ்விரண்டும் அவ்வழியே கோப்புகளைப் பரிமாற வேண்டுமெனில், கைவிடப்பட்ட நெறிமுறையைப் புதியதில் மீண்டும் சேர்க்க நேர்கிறது. பயனர் கணக்குகளை ஆளும் ஆக்டிவ் டைரக்டரியிலும் நிலைமை இதுவே. அதன் செயல்பாட்டு நிலை, அங்குள்ள மிகப் பழைய கட்டுப்பாட்டுச் சேவையகத்தின் நிலையை விஞ்ச இயலாது. அழிந்த கணக்கை எளிதில் மீட்கும் மறுசுழற்சித் தொட்டி வசதி 2003ஆம் நிலையில் கிடைப்பதில்லை.

2017 மே 12இல் பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல், எஸ்.எம்.பி. முதற்பதிப்பின் குறையையே பயன்படுத்தியது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. ஆயின், 2015 ஜூலை 14இல் ஆதரவு முடிந்த சர்வர் 2003க்கு அத்திருத்தம் தாக்குதலுக்குப் பின்னரே பொதுவில் கிடைத்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை திருத்தம் ஏற்காத விண்டோஸ் 7 கணினிகளே. எனவே பழமையைக் குறைகூறுதல் பொருந்தாது என்பாரும் உளர். இது ஓரளவு ஏற்கத்தக்கதே. எனினும், ஆதரவு இழந்த இயங்குதளம் திருத்தம் பெறும் வழியையே இழந்து நிற்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பழையதை உடனே அகற்றுவதும் தீர்வாகாது. டாப், டாம் முதலிய பழைய குறியேற்றங்களில் உள்ள பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கக் காலம் தேவை. அதுவரை பழைய சேவையகத்தை இணையத் தொடர்பின்றித் தனிப்பிரிவில் ஒதுக்குதல், கோப்புகளைப் படிக்க மட்டும் இசைதல், தரவுகளுக்கு வேறிடத்தில் படி வைத்தல், அதனை நிறுத்தும் நாளை முன்னரே வரையறுத்தல் ஆகியன இன்றியமையாதவை. நாள் வரையறுக்கப்படாத தற்காலிக ஏற்பாடு நிலையான ஏற்பாடாகவே முடியும்.

நைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பறிஞர் எறிவதில்லை. பலர் கையில் புழங்க விடுவதுமில்லை. படியெடுத்தபின் தனியே காக்கின்றனர். பழைய சேவையகத்திற்கும் அதுவே தக்க நெறி எனலாம்.