வழி காணும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்



அண்மையில் ஒரு சனிக்கிழமை, நம் பள்ளியின் மாணவர் ஒன்பதின்மரைப் பக்கத்து நகரின் வனப் பூங்காவில் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்திய ‘ஓரியண்டரிங்’ போட்டிக்கு அழைத்துச் சென்றோம். அதற்கு முதல் நாள், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என் அலுவலகத்திற்கு வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். “ஐயா, ஓடுவதற்குப் பள்ளித் திடல் இருக்கிறதே! பெண்பிள்ளையைக் காட்டுக்குள் தனியே விட்டு ஓடச் சொல்வது எதற்கு? அந்த நேரத்தில் கணக்குப் போட்டுப் பழகலாமே!” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அன்று இரண்டொரு சொல்லில் விடையளித்து, “நீங்களும் உடன் வாருங்கள்” என்று மட்டும் கூறி அனுப்பினேன். அவருக்கும், அவரைப் போல் எண்ணும் பிற பெற்றோர்களுக்கும் முழு விடை கூற நான் கடமைப்பட்டுள்ளேன். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

ஓரியண்டரிங் என்பதை நாம் ‘வழிகாண் ஓட்டம்’ எனலாம். ஓடுபவர் கையில் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் இருக்கும். தொடங்கும் இடம் வரைபடத்தில் ஒரு முக்கோணமாகவும், சென்று காணவேண்டிய இடங்கள் எண்ணிட்ட சிறு வட்டங்களாகவும், முடியும் இடம் இரட்டை வட்டமாகவும் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்திற்கும் உரிய இடத்தில் வெள்ளையும் செம்மஞ்சளுமான ஒரு துணிக்கூடு தொங்கும். அங்குள்ள கருவியால் தம் அட்டையில் துளையிட்டுக்கொண்டு அடுத்த இடத்தைத் தேடிச் செல்லவேண்டும். இப்பொழுது பல இடங்களில் துளைக்கருவிக்குப் பதிலாக மின்னணுக் கருவி வந்துவிட்டது. இடையில் எவ்வழியே செல்வது என்பதை எவரும் சொல்லித்தர மாட்டார். மேட்டைக் கடந்து நேரே செல்வதா, பாதையைப் பற்றிச் சுற்றிச் செல்வதா என்பது ஓடுபவரின் முடிவு. வழிகாட்டும் கைப்பேசியைப் பயன்படுத்த விதிகள் இடங்கொடா.

இவ்விளையாட்டு பிறந்தது குளிர் நாடுகளில். வரைபடத்தின் துணையால் அறியா நிலத்தைக் கடப்பதைக் குறிக்க இச்சொல் 1886ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் இராணுவப் பயிற்சியில் வழங்கலாயிற்று. பொதுமக்களுக்கான முதற்போட்டி 1897 அக்டோபர் 31ஆம் நாள் நார்வே நாட்டில் நடந்தது. அதில் ஓடியவர் எண்மரே. பின்னர், ஏர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற சுவீடன் நாட்டு இராணுவ அதிகாரி, இளைஞர்களுக்கு ஓட்டப்பந்தயங்களில் நாட்டம் குறைந்து வருவதைக் கண்டார். ஓட்டத்துடன் சிந்தனையையும் சேர்த்தால் அவர்கள் மீண்டும் வருவர் என்று கருதி, 1919இல் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகில் ஒரு போட்டி நடத்தினார். அதில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 1961இல் பத்து நாடுகள் கூடி அனைத்துலகச் சம்மேளனத்தை அமைத்தன. 1966இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தேறியது. 1985இல் சுவீடனின் ஃபாலூன் நகரில் நடந்த ஐந்து நாள் விழாவில் இருபத்தையாயிரம் பேர் அளவில் திரண்டனர். எண்மரில் தொடங்கியது இவ்வளவு வளர்ந்ததெனின், அதில் மனிதருக்குப் பிடித்தமான ஏதோ ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ?

அந்த ஏதோ ஒன்றை நான் அந்தச் சனிக்கிழமை நேரில் கண்டேன். பூங்காவின் வாயிலில் எவ்வித ஆரவாரமும் இல்லை. ஒரு மேசை, ஒரு கடிகாரம், ஒரு பெயர்ப்பட்டியல், இவ்வளவே. ஏழு வயதுச் சிறுவர் தந்தையின் கைபிடித்து நின்றனர்; தலை நரைத்த பெரியவர்களும் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தனர். எளிய தடம், நடுத்தரத் தடம், கடினத் தடம் என்று பிரித்து, அவரவர் ஆற்றலுக்கேற்ப வரைபடம் வழங்கினர். எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓடவிடாமல், சில நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பினர். எனவே தள்ளுமுள்ளும் இல்லை, ஒருவரைப் பார்த்து மற்றவர் ஓடவும் வழியில்லை. ஓடி முடித்தவர்கள் மரநிழலில் அமர்ந்து, வரைபடங்களை விரித்து, “நீ எவ்வழி சென்றாய்? நான் இந்த ஓடையில் ஏமாந்தேன்” என்று பேசிச் சிரித்தனர். தோற்றவர் தம் தோல்வியைச் சிரித்துக்கொண்டே எடுத்துரைக்கும் விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம் பள்ளியின் மிக வேகமான ஓட்டக்காரன் நாற்பது நிமிடத்தில் முதலாவதாகத் திரும்பினான். ஆனால் அவன் அட்டையில் ஓர் இடத்தின் துளை தவறாக இருந்தது. முன்னே சென்ற வேறொரு சிறுவனைப் பின்தொடர்ந்து, துணிக்கூட்டின் எண்ணைச் சரிபாராமல் துளையிட்டுவிட்டான். அச்சிறுவனோ வேறு தடத்தில் ஓடுபவன். விதிப்படி நம் மாணவன் பெயர் பட்டியலினின்று நீங்கியது. அவன் கண் கலங்கினான். பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்து, “ஐயா, அடுத்த போட்டி எப்பொழுது?” என்று கேட்டான்.

முதலில் நான் கூறிய அம்மாணவி எந்தப் பந்தயத்திலும் பரிசு பெறாதவள். ஒரு மணி நேரம் ஆகியும் அவளைக் காணோம். உடன் வந்திருந்த அவள் தாயார் முடிவிடத்தை விட்டு அகலவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில், முழங்கால் வரை சேறுடன் அவள் வந்து சேர்ந்தாள். நம்மவருள் அவளே கடைசி. ஆனால் எல்லாத் துளைகளும் சரியாக இருந்தன. ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான கிளையைப் பற்றிச் சென்றுவிட்டாளாம். சுற்றிலும் பார்த்தது எதுவும் வரைபடத்தோடு பொருந்தவில்லை. சிறிது நேரம் ஒரு வேரின்மேல் அமர்ந்தாளாம். பிறகு, தான் உறுதியாக அறிந்த கடைசி இடமாகிய மரப்பாலத்திற்கே திரும்பி நடந்து, வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்பி வைத்து, மீண்டும் தொடங்கினாளாம்.

தாயார் “எத்தனையாவது வந்தாய்?” என்று கேட்கவில்லை. “எப்படியம்மா வழி கண்டுபிடித்தாய்?” என்றே கேட்டார். மகள் புல்தரையில் வரைபடத்தை விரித்து, பழுப்புக் கோடு மேடு, நீலம் தண்ணீர், பச்சை அடர்ந்த புதர், வெள்ளை எளிதாக ஓடக்கூடிய காடு என்று விரல் வைத்துக் காட்டினாள். தாயார் தம் விரலையும் அதன்மேல் வைத்து, “அப்படியானால் நாம் இப்பொழுது இங்கே இருக்கிறோமா?” என்றார். இக்காட்சியைக் கண்ட பின்னர், நான் கூற வேண்டிய விடையில் பாதி கூறப்பட்டுவிட்டதாகவே கருதினேன்.

மறு பாதி இதுதான். நம் பிள்ளைகள் தவறு செய்ய அஞ்சுகின்றனர். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அத்தேர்வு வளர்த்த அச்சம் இன்னும் நீங்கவில்லை. விடை தெரியாவிடில் பேனாவை வைத்துவிட்டு அசையாமல் அமர்ந்திருக்கும் மாணவரை நான் நாள்தோறும் காண்கிறேன். அறிந்த இடத்திற்குத் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கணக்கில் பிழை நேர்ந்தால் சரியாக இருந்த கடைசி வரிக்குத் திரும்புவதும், காட்டில் வழி தவறினால் மரப்பாலத்திற்குத் திரும்புவதும் ஒரே அறிவே. ஒன்றைப் பலகையில் எழுதிக் காட்டலாம். மற்றொன்றைக் கால்களால்தான் கற்கவேண்டும்.

இதை நானும் தாமதமாகவே கற்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், ஒரு முகாமில் எங்கள் குழுவிடம் வரைபடமும் திசைகாட்டியும் தந்தனர். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் காடு தெரியாதா என்ற செருக்கில், நான் வரைபடத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு முன்னே நடந்தேன். மூன்று மணி நேரம் கழித்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து நின்றோம். தோழர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. நான் அறிந்திருந்தது என் தோட்டம் ஒன்றை மட்டுமே என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆனால் நம் முன்னோர் தம் தோட்டத்தையேனும் முழுதும் அறிந்திருந்தனர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தலைவிளக்கின் ஒளியில் கித்தாக் காட்டில் தத்தம் நிரையைத் தப்பாது கண்டவர்கள் அவர்கள். எந்த அல்லூரில் மழைநாளில் நீர் பெருகும், எந்த மேட்டில் கால் வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கித்தாவும் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பல நகரத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று நம் மாணவருள் பலர் வேனில் ஏறி வந்து, வேனில் ஏறித் திரும்புகின்றனர். பள்ளி வேலிக்கு அப்பால் உள்ள குளத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் இருக்கின்றனர். கைப்பேசியின் குரல் “வலப்புறம் திரும்புக” என்றால் திரும்பும் தலைமுறைக்கு, வடக்கு எது என்று தானே காணும் பயிற்சி எங்கிருந்து வரும்?

அச்சங்களையும் மறைக்காமல் பேசுவோம். பாம்பு, அட்டை, வழி தவறுதல் ஆகியவை கற்பனை அல்ல. அதனாலேயே முறையான போட்டிகளில் ஒவ்வொருவரும் விசில் வைத்திருப்பர். கால எல்லை ஒன்று உண்டு. முடித்தாலும் முடிக்காவிட்டாலும் முடிவிடத்திற்கு வந்து பெயரைப் பதியாமல் எவரும் வீடு திரும்பலாகாது. பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்து, வராதவரைத் தேடிச் செல்வர். காயமுற்றவரைக் கண்டால் போட்டியை விட்டுவிட்டு உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்பது விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. சிறுவர் இருவர் இருவராகச் செல்லவும் இடமுண்டு. குலை வெட்டும் நாளில் செம்பனைக் காட்டுக்குள் பிள்ளைகளை அனுப்பும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இல்லை.

நான் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் ஒன்றன்று. முதலில் நம் பள்ளி வளாகத்தை மாணவர்களே அளந்து வரையட்டும். நூறு மீட்டருக்குத் தம் காலடி எத்தனை என்று எண்ணிப் பழகட்டும். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் பத்து மீட்டர் என்று கொண்டால், அளவைப் பாடமும் விகிதப் பாடமும் தாமே வந்துவிடும். துளைக்கருவிக்குப் பதில், ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு வண்ணக்கோல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் போதும். திசைகாட்டி வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வட ஐரோப்பாவுக்கென்று செய்த கருவியின் ஊசி நம் நாட்டில் ஒரு பக்கம் சாய்ந்து உரசும். நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு ஏற்றதையே கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்து, நிர்வாகத்தின் அனுமதியுடன் பள்ளி, கோயில், திடல், குளக்கரை ஆகியவற்றை உள்ளடக்கித் தோட்டத்தின் வரைபடம் ஒன்றை உருவாக்குவோம். இதற்குப் பெரியவர்களின் துணை இன்றியமையாதது. பழைய வீட்டு வரிசைகள் எங்கிருந்தன, பால் கொட்டகை எங்கிருந்தது, கிணறு எது என்பன அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் உடன் நடந்து காட்டினால், பிள்ளைகள் அவ்விடங்களைப் பெயருடன் குறிப்பர். ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைகள், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் நாளாக அமையட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதனை அடுத்த கூட்டத்தில் ஆராயவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாரும் இதை விரும்பமாட்டார்கள் என்பதையும் அறிவேன். வெயில் கடுமை, சேறு துணியைக் கெடுக்கும், பந்தாட்டமே போதும் என்போரும் உளர். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் குறுக்கோட்டத்தில் எப்போதும் கடைசியில் வரும் பிள்ளைக்கு, வேகத்தால் மட்டும் வெல்லமுடியாத ஒரு விளையாட்டை அறிமுகப்படுத்துவது நம் கடமை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் இப்பள்ளியை விட்டுச் சென்று, முன்பின் அறியாத ஊர்களிலும் கல்லூரிகளிலும் பணியிடங்களிலும் நுழையும் நாள் வரும். அங்கே சில வேளை வழி தவறுவீர்கள். அப்பொழுது பிறர் பின்னால் கண்மூடி ஓடாதீர்கள். அழுது அமர்ந்தும் விடாதீர்கள். உங்கள் தோழி செய்ததுபோல், அறிந்த இடத்திற்குத் திரும்பி, வடக்கைக் கண்டு, மீண்டும் தொடங்குங்கள். அந்தத் தாயார் சென்ற வாரம் என் அலுவலகத்திற்கு மீண்டும் வந்தார். அடுத்த போட்டிக்குச் செல்லும் வேனில் தமக்கும் ஓர் இடம் வைக்கும்படி கேட்டுச் சென்றார்.