மஜ்னூனின் பாட்டும் முகீஸின் கண்ணீரும்



“ஹஜ்ரத், லைலா மஜ்னூன் உண்மையிலேயே வாழ்ந்தவர்களா?” என்று நம் இரவு வகுப்பில் ஓர் இளைஞர் வினவினார். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, இரவில் குர்ஆன் ஓத வருகிறவர் அவர். அறைத் தோழர்களுடன் கைபேசியில் அந்தக் காதல் படத்தைப் பார்த்திருக்கிறார். படம் முடிந்தும் பாடல்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை என்றார். பதில் கூறுமுன் அவர் பார்த்ததை நானும் பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது. பாட்டும் காதலுமாக ஓடும் ஒரு திரைப்படத்தை முழுமையாக நான் பார்த்தது அதுவே முதல் முறை. ஓதிக்கொடுப்பவர் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் பிள்ளைகள் எதில் மயங்குகிறார்கள் என்பதை அறியாமல் அவர்களுக்கு என்ன அறிவுரை கூற இயலும்?

இக்கதை நம் நாட்டுத் திரைக்குப் புதிதன்று. 1949-இல் நாகேஸ்வரராவும் பானுமதியும் நடிக்கத் தெலுங்கில் வந்தது. 1950-இல் டி.ஆர். மகாலிங்கம், வி.என். ஜானகி நடிப்பில் தமிழிலும் வந்தது. நான் பார்த்தது 1976-இல் வெளியான இந்திப் படம். ரிஷி கபூரும் ரஞ்சீதாவும் நடித்தது. இசையமைத்த மதன் மோகன் 1975-இலேயே காலமாகிவிட, எஞ்சிய பணியை ஜெய்தேவ் முடித்துத் தந்தார். பாடல்கள் சாஹிர் லூதியான்வி எழுதியவை. நாயகனுக்காகப் பாடியவர் முஹம்மது ரஃபி. அவற்றின் இனிமையை மறுப்பது நேர்மையாகாது.

படத்தில் ஓர் ஓதும்பள்ளிக் காட்சி உண்டு. எழுதச் சொன்னதை விட்டுவிட்டு லைலாவின் பெயரை எழுதிய சிறுவனை ஆசிரியர் அடிக்கிறார். அவன் கையில் விழுந்த அடி லைலாவின் கையில் இரத்தமாகக் கசிகிறது! பார்க்கும் இளம் உள்ளம் அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. காதலுக்குக் குறுக்கே நிற்பவர் ஆசிரியராயினும் பெற்றோராயினும் அவர் கொடியவர் என்பதே அத்தீர்ப்பு. பின்னர் வரும் ஒவ்வொரு பாட்டும் அதற்கு முத்திரை குத்துகிறது.

ஆனால், கதையின் வேரைத் தேடிச் சென்றால் வேறொரு செய்தி கிடைக்கிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் பனூ ஆமிர் குலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கவிஞர் கைஸ் இப்னுல் முலவ்வஹ். ‘மஜ்னூன்’ என்பது அவருடைய பெயரன்று. பித்தர் என்று பொருள்படும் அரபுச் சொல். கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தம் ‘கிதாபுல் அகானி’யில் இவரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தார். அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்று கூறியோரின் சொற்களையும் அதிலேயே பதிவு செய்துள்ளார். 1188-இல் நிஜாமி இக்கதையைப் பாரசீகக் காவியமாக்கினார். தில்லியில் அமீர் குஸ்ரூவும், பின்னாளில் ஜாமியும் அதே கதையைப் பாடினர். சூஃபியாக்கள் அதில் இறைக்காதலின் சாயலைக் கண்டனர்.

காதலர் ஏன் பிரிக்கப்பட்டனர்? இங்கேதான் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. கைஸ் தம் காதலைக் கவிதையாக்கி, லைலாவின் பெயரை ஊரறியப் பாடினார். ஒரு பெண்ணைப் பாடிப் பலரறியச் செய்தவனுக்கே அவளை மணமுடித்துக் கொடுப்பது அன்றைய அரபுகளிடம் மானக்கேடாகக் கருதப்பட்டது. ஆகவே அவளுடைய தந்தை மறுத்துவிட்டார். திரையில் காதலரைச் சேர்த்து வைக்கும் பாட்டு, மூலக்கதையில் அவர்களைப் பிரித்த வாளாக இருந்தது!

இது பழங்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். நம் திருப்பூரிலே தென்மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, விடுதியில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் ஒருத்தியின் புகைப்படத்தை அவளறியாமல் எடுத்து, சினிமாப் பாட்டொன்றைச் சேர்த்துக் கைபேசியில் பரப்புகிறான் ஓர் இளைஞன். அவனுக்கு அது காதல். அவளுக்கோ, ஊரிலிருந்து தந்தை புறப்பட்டு வந்து வேலையை விட்டு அழைத்துச் செல்லும் நாள். அவளுடைய சம்பளத்தை நம்பியிருந்த வீட்டின் அடுப்பும் அன்றே தணிகிறது. பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பழியோ முடிவதில்லை.

பிழை இளைஞர் பக்கம் மட்டுமா? இல்லை. லைலா வேறொருவரை ஏற்றது வீட்டாரின் மிரட்டலுக்கு அஞ்சித்தான் என்றும் ஒரு பழைய செய்தி கூறுகிறது. மகளின் வாயை அடைத்துவிட்டு நடத்தும் திருமணத்தை நம் மார்க்கம் ஏற்கவில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்களுடைய விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்தபோது, அம்மணத்தை நபி (ஸல்) அவர்கள் செல்லாததாக்கினார்கள் என்று புகாரியில் காண்கிறோம்.

அதே புகாரியில் இன்னொரு நிகழ்ச்சி. இதைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும். பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றார்கள். அடிமையாகவே இருந்த கணவர் முகீஸுடன் தொடர்ந்து வாழ்வதா, பிரிவதா என்ற உரிமை அவர்களுக்குக் கிடைத்தது, பிரிவைத் தேர்ந்தார்கள். முகீஸோ மதீனாத் தெருக்களில் அவர்கள் பின்னால் அழுதுகொண்டே சென்றார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்கண்ணீரை எள்ளி நகையாடவில்லை. இவருடைய நேசத்தையும் அவருடைய வெறுப்பையும் கண்டு வியப்பாக இல்லையா என்று அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். பரீராவிடம், அவரிடம் திரும்பக் கூடாதா என்றும் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. பேச்சு அத்துடன் முடிந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! இறைத்தூதரே பரிந்து கேட்டும், ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றபோது அந்தச் சொல் மதிக்கப்பட்டது. மனைவியாய் இருந்தவரிடமே முகீஸுக்கு இதற்கு மேல் உரிமை இல்லையென்றால், பேருந்து நிறுத்தத்தில் பார்த்த பெண்ணிடம் ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு? நம் நாட்டுத் திரைப்படங்கள் பலவற்றில் நாயகி முதலில் மறுப்பாள். நாயகன் விடாமல் பின்தொடர்வான். இரண்டு பாட்டு முடிவதற்குள் அவள் மனம் இளகிவிடும். முதன்முறை பார்க்கும் பிள்ளை இதைக் கதையென்று கொள்வதில்லை; வழிமுறையென்று கொள்கிறான். தெருவில் நடக்கும் பெண் திரைநாயகி அல்லள் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வது யார்?

பெற்றோரே, மகன் ஒரு காதல் படம் பார்த்துவிட்டான் என்று அறிந்ததும் பிரம்பைத் தேடாதீர்கள். பிரம்பெடுத்தால் படத்தில் வரும் கொடியவரின் இடம் உங்களுக்கு வந்துவிடும். அதற்குப் பின் அவன் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான். அருகில் அமர்த்தி, என்ன பார்த்தாய், எது பிடித்தது என்று கேளுங்கள். பிறகு முகீஸின் கதையைச் சொல்லுங்கள். மகளிடமும் பேசுங்கள், ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு மார்க்கம் தந்துள்ள உரிமையை அவள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும்.

இளைஞர்களே, உள்ளத்தில் ஒருத்தியின் மீது விருப்பம் தோன்றுவது பாவமென்று உங்களிடம் எவரும் கூறவில்லை. நேசிக்கும் இருவருக்கு நிகாஹைப் போன்று சிறந்தது வேறில்லை என்ற கருத்தில் நபிமொழி உண்டு. ஆகவே அவளுடைய பெயரைத் தெருவில் பாடாதீர்கள். அத்தா அம்மாவிடம் சொல்லி, அவளுடைய வீட்டு வாசலில் முறையாகக் கேளுங்கள். சம்மதம் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் கண்ணீரோடு திரும்பி வாருங்கள். அழுவதில் இழிவில்லை, அவளை அழ வைப்பதில்தான் இழிவு.

நம் பிள்ளைகளின் கண்களையும் உள்ளங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.