வாய் வேறு, தோல் வேறு

"வாயில் வைக்க முடியாததைத் தோலில் பூசாதே." இயற்கை அங்காடிப் பலகைகளிலும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளின் துணிப் பதாகைகளிலும், வாட்ஸ்அப்பிலும் பல ஆண்டுகளாக இந்த வாசகம் என்னைத் துரத்துகிறது. அண்மையில் இயற்கை வாழ்வியல் கூட்டம் ஒன்றில் பேச்சாளர் இதைச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. மேடைக்குப் பக்கத்து மேசையில், செக்கில் ஆட்டிய பாதாம் எண்ணெயும் ஷியா பட்டரும் கலந்த களிம்பு விற்பனைக்கு இருந்தது. கண்ணாடிக் குப்பியில் ஒட்டிய சீட்டில் "பிறந்த குழந்தைக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்தார்கள். வாங்க நின்றவர்களில் பலர் கைக்குழந்தையோடு வந்த இளம் தாய்மார்கள். இனியும் இதைச் சும்மா விடுவது தவறு. இந்த வாசகத்தைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: தோலில் பூசுவதில் 60 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடுகிறதாம். இது பொய். தோலின் மேலடுக்கை ஊடுருவ ஒரு மூலக்கூறின் எடை பொதுவாக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருந்தியலில் வழங்கும் விதி. தாவர எண்ணெய்களின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அதைவிடக் கனமானவை. இந்த வாசகத்தைப் பரப்புவோரின் கணக்கு சரி என்றால் சர்க்கரை நோயாளிகள் ஏன் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்? கையில் தடவிக்கொண்டால் போதுமே!

இரண்டாவது: பெட்ரோலியம் ஜெல்லி கச்சா எண்ணெயின் கழிவு, அது தோலை மூச்சுத் திணற வைக்கும் என்பது. நாம் மூச்சு விடுவது நுரையீரலால், தோலால் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது என்பது உண்மை. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த பிறகே அது டப்பாவுக்கு வருகிறது என்பதும் உண்மை. ராபர்ட் செஸ்பரோ 1872இல் இந்த ஜெல்லிக்கு 'வாசலின்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். அன்று முதல் மனிதத் தோல் அதை அறியும். தோலிலிருந்து நீர் ஆவியாவதை அது 98 சதவீதம் வரை தடுக்கும், மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதம் வரைதான் தடுக்கும் என்பது தோல் மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய குழந்தைகளிடம் இறப்பு 26 சதவீதம் குறைந்தது. இவர்கள் விஷம் என்று தூற்றும் பெட்ரோலியம் ஜெல்லி சார்ந்த களிம்பைத் தடவிய குழந்தைகளிடம் 32 சதவீதம் குறைந்தது. உயிர் காத்த பொருளைக் கழிவு என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

மூன்றாவது: "நம் பாட்டி இதைத்தான் பூசினாள்." பூசினாள், ஆனால் கழுவினாள். வெள்ளிக்கிழமை பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரில் குளித்தார்கள். இரவில் முகத்தில் பூசிக்கொண்டு விடியும்வரை அப்படியே விடுவதற்கும் அந்தக் குளியலுக்கும் என்ன உறவு? நெஞ்சிலும் முதுகிலும் தேமல் படர்ந்த பையனுக்கு எண்ணெயை நிறுத்தச் சொல்லித் தோல் மருத்துவர் திட்டுவது சும்மா இல்லை. தேமலை உண்டாக்கும் பூஞ்சை தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தின்றும் வளரக்கூடியது.

நான்காவது: எல்லாத் தாவர எண்ணெயும் தோலுக்கு ஊட்டம் என்பது. எண்ணெயில் ஒரு சொட்டு நீர்கூடக் கிடையாது. இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடுவதே அதன் வேலை. அதையும் எல்லா எண்ணெயும் ஒன்றுபோலச் செய்வதில்லை. குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய்தான் உசத்தி என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு வேறு. நான்கு வாரம் ஆலிவ் எண்ணெய் தடவிய முன்கைகளில் தோலின் காப்படுக்கு பலவீனப்பட்டது, லேசாகச் சிவக்கவும் செய்தது. அதில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் அந்த அடுக்கின் கொழுப்பு வரிசையைக் குலைக்கிறது. லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் அந்தக் கேடு தெரியவில்லை. கோகோ பட்டர் பிரசவத் தழும்பை வரவிடாது என்பதும் இப்படித்தான்: லெபனானிலும் ஜமைக்காவிலும் கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள், வெறும் களிம்பைவிட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை.

இனி அந்த வாசகத்துக்கே வருகிறேன். உண்ணத் தகுந்தது தோலுக்கும் தகுந்தது என்கிறது அது. உடம்பு நடந்துகொள்வது இதற்கு நேர் எதிராக. வயிற்றுக்குள் போகும் புரதத்தை உணவு என்று ஏற்கப் பழகுகிறது நம் எதிர்ப்புச் சக்தி. அதே புரதம் வெடித்த தோல் வழியே நுழைந்தால் பகை என்று குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதை வாயில் போட்டாலும் போருக்குக் கிளம்பிவிடுகிறது.

பிரிட்டனின் ஏவன் பகுதியில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றைக் கிடியன் லாக் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். நிலக்கடலை ஒவ்வாமை வந்த குழந்தைகளுக்கும், கைக்குழந்தையாக இருக்கையில் கடலெண்ணெய் கலந்த களிம்பு தோலில் தடவப்பட்டதற்கும் தொடர்பு தெரிந்தது. தாய் கர்ப்ப காலத்தில் கடலை சாப்பிட்டதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. அதே லாக் 2015இல் இன்னொன்றைக் காட்டினார். கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கடலை உணவு கொடுத்தார்கள், மறுபாதிக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் மட்டுமே. வாய் வழியே போனது காத்தது; தோல் வழியே போனது கெடுத்தது.

ஜப்பானில் நடந்தது இதைவிடக் கொடுமை. கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்று அங்கே அமோகமாக விற்றது. கோதுமையைவிட இயல்பான உணவு எது? காலமெல்லாம் ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதில் தினமும் முகம் கழுவினார்கள். பிறகு அதே ரொட்டியைச் சாப்பிட்டபோது இமை வீங்கியது, உடம்பெங்கும் தடித்தது, சிலர் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 2011இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். மொத்தத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வாயில் வைக்கக்கூடிய பொருள்தான் அது. தோலில் வைத்ததால் வாயிலும் வைக்க முடியாமல் போனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "சுத்திகரிக்காதது, செக்கில் ஆட்டியது" என்று இவர்கள் பெருமை பேசுவதிலேயே ஆபத்து இருக்கிறது. ஆலையில் நன்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அது தங்கும். சமையலுக்கு மணம் தருவது அந்த எண்ணெய். முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து நீர் வடியும் குழந்தைக்கு அது மருந்தல்ல. பாதாமும் ஒவ்வாமை தரும் கொட்டைகளில் ஒன்றுதான். "பிறந்த குழந்தைக்கும் ஏற்றது" என்று சீட்டு ஒட்டியவர் எந்தச் சோதனையைப் பார்த்து ஒட்டினார்?

தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. வெடிப்போ புண்ணோ இல்லாத தோலில், குளித்த ஈரம் காயுமுன் மெல்லிசாகத் தடவட்டும். சிக்கு வாடை வந்ததைத் தூக்கி எறியட்டும். ஆனால் குழந்தையின் தோல் வெடித்தோ, கரப்பானில் நீர் வடிந்தோ இருந்தால் சமையலறை எண்ணெயையும் கொட்டை எண்ணெயையும் அதன்மேல் வைக்காதீர்கள். வாசனையில்லாத சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மேடையில் கைதட்டு வாங்கும் வாசகத்துக்காக உங்கள் பிள்ளையின் தோலைப் பணயம் வைக்காதீர்கள்.